சட்டைப் பைக்குள் அடங்கும் பழைய ஜப்பான் கேமரா: எதை வாங்குவது?

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, சட்டைப் பையில போடுற மாதிரி பழைய ஜப்பான் கேமரா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். மினால்டா 16 எடுக்கவா, பென்டாக்ஸ் 110 எடுக்கவா?" நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டேன்: "பிலிம் நீயே கழுவுவியா, லேப்ல கொடுப்பியா?" கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசுகிறேன் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஆனால் இந்த வகைக் கேமராவில் அதுதான் முதல் கேள்வி. 35 மி.மீ. கேமரா என்றால் எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஒரே ரோல்தான் உள்ளே போகும். குட்டிக் கேமரா உலகத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. மினால்டா பிலிம் அடைக்கும் கேசட் ஒன்று செய்தது, மாமியா வேறொன்று செய்தது, ரிக்கோ இன்னொன்று. யாஷிகா ஒரு மாடலுக்கு மினால்டா கேசட்டை எடுத்துக்கொண்டது, இன்னொரு மாடலுக்கு மினாக்ஸ் என்ற உளவுக் கேமராவின் கேசட்டை. கேமரா 60 வருடம் தாக்குப்பிடித்து நிற்கும். அதற்கான பிலிம் எப்போதோ போய்விட்டிருக்கும். அதனால் கேமராவின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் தீனி எங்கே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 35 மி.மீ. நெகட்டிவின் அளவு 24க்கு 36 மி.மீ. ஆகும். பரப்பில் அதைக் கிட்டத்தட்ட நான்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் பென்டாக்ஸில் போகும் 110 பிலிமின் 13க்கு 17. ஆறில் ஒரு பங்கு மினால்டா 16-இன் 10க்கு 14. பத்தில் ஒரு பங்கு மினாக்ஸ் அளவான 8க்கு 11. சுண்டுவிரல் நகம் என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண ஆறங்குல பிரிண்ட் போட வேண்டுமானால் 35 மி.மீ. நெகட்டிவை நாலு மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக்கினால் போதும். மினால்டா 16 நெகட்டிவை ஏறக்குறைய 11 மடங்கு பெரிதாக்க வேண்டும், மினாக்ஸ் அளவை 14 மடங்கு. பிலிமில் உள்ள நுண்ணிய துகள்கள், அதாவது மணிகள், அரிசி மாதிரித் தெரியும். சிலருக்கு அதுதான் வேண்டும், எனக்கும் அப்படித்தான். பளிச்சென்று படம் வேண்டும் என்பவர்கள் கையிலிருக்கும் செல்போனிலேயே எடுத்துவிட்டுப் போகலாம்.

சரி, மினால்டா 16. நான் வைத்திருப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

1950களின் தொடக்கத்தில் கோபே வட்டாரத்தில் கோனான் 16 என்றொரு கேமரா வந்தது. அந்த வடிவத்தை எடுத்து, பின்னாளில் மினால்டா என்று பெயர் மாற்றிக்கொண்ட சியோடா கோகாகு 1957-இல் மினால்டா 16-ஐக் கொண்டுவந்தது. லென்ஸின் பெயர் ரோக்கோர். கோபேக்குப் பின்னால் நிற்கும் ரோக்கோ மலையிலிருந்து வந்த பெயர். தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூட்டிலிருந்து உள்பெட்டியை இழுத்தால் லென்ஸும் வ்யூஃபைண்டரும் திறக்கும். தள்ளி மூடித் திறந்தால் பிலிம் ஒரு படம் நகர்ந்து ஷட்டரும் ஏறிவிடும். "க்ளிக், சர்ரக், க்ளிக்" என்று கையில் ஓடுகிற அந்தச் சுகத்துக்காகவே வாங்கியவர்கள் உண்டு. வெள்ளி நிறம் தவிர தங்கம், சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று பல நிறங்களில் வந்தது. சோவியத் யூனியனில் இதைப் பார்த்து கீவ் வேகா என்று ஒன்று செய்தார்கள் என்றால் வடிவம் எவ்வளவு பிடித்துப்போயிருக்க வேண்டும்.

இந்த வரிசையில் பல மாடல் இருக்கிறது. அதில் வாங்க வேண்டியது 1960-இல் வந்த மினால்டா 16 இரண்டாம் மாடல். முதல் மாடலில் 25 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் நுழையும் ஓட்டை பெரிது), ஷட்டர் 1/200 விநாடியைவிட வேகமாக ஓடாது. இரண்டாவதில் 22 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், அப்பர்ச்சர் என்கிற அந்த ஓட்டை எஃப்/16 வரை, ஷட்டர் 1/30-லிருந்து 1/500 வரை, போதாததற்கு அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பி என்ற நிலையும் உண்டு. பேட்டரியே கிடையாது, எல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். அந்த 1/500 ஏன் முக்கியம் என்றால், இன்று இதற்குள் போடக் கிடைக்கும் பிலிம் வேகமானது, அதாவது கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். ஐஎஸ்ஓ 250 என்ற வேகமுள்ள பிலிமை உச்சி வெயிலில் 1/250, எஃப்/16 என்று எடுக்க வேண்டும்; அல்லது 1/500, எஃப்/11. இரண்டாம் மாடல் இதை அலட்டிக்கொள்ளாமல் செய்யும். முதல் மாடலை வைத்துக்கொண்டு அதே பிலிமை அதே வெயிலில் எடுத்தால் வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கும், அதாவது இரண்டு மடங்குக்கும், மேலே கூடிவிடும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அதைப் பொறுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு சின்ன நெகட்டிவில் வெளிச்சம் கூடினால் மணி இன்னும் பருமனாகும்.

குறை என்ன? ஃபோகஸ் மாற்ற முடியாது. சில மீட்டர் தூரத்துக்கு என்று தொழிற்சாலையிலேயே வைத்து இறுக்கிவிட்டார்கள். எஃப்/8 பக்கம் வைத்தால் ஆளும் தெருவும் தெளிவாக வரும். சாயங்கால வெளிச்சத்தில் எஃப்/2.8-க்குத் திறந்துவைத்துத் தூரத்து மலையை எடுத்தால் மலை பஞ்சுப்பொதி மாதிரி வரும். இதற்கென்றே தூரத்துக்கு 0 என்ற எண்ணிலும் கிட்டத்துக்கு 1, 2 என்ற எண்களிலும் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் குட்டிக் கண்ணாடிகள் விற்றார்கள். அந்த 0 எண் கண்ணாடி கேமராவோடு சேர்ந்து கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். தனியாகத் தேடினால் அலைச்சல். எஃப்/16-இல் எல்லாம் தெளிவாக வருமே என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது: ஓட்டை அவ்வளவு சிறுத்தால் ஒளி சிதறிப் படம் மழுங்கும், 10 மி.மீ. நெகட்டிவில் அது கண்ணுக்குப் பட்டுவிடும். நான் எஃப்/5.6-க்கும் எஃப்/11-க்கும் இடையிலேயே குடியிருக்கிறேன்.

பிலிம்? மினால்டாவின் சொந்த பிலிம் நின்று பல காலம் ஆகிறது. ஆனால் இந்தக் கேசட்டுக்குள் போவது 16 மி.மீ. பிலிம். அது சினிமாக்காரர்களின் அளவு, கோடாக் இன்னமும் செய்கிறது. டபுள் எக்ஸ் கறுப்பு வெள்ளை பிலிம் 100 அடி ரோலாகக் கிடைக்கும். 20 படத்துக்கு 45 செ.மீ. போதும், ஒரு ரோலில் 65 கேசட்டுக்கு மேல் நிரப்பலாம். சினிமா பிலிமின் ஓரத்தில் துளை இருக்குமே என்று கவலை வேண்டாம். 10 மி.மீ. உயரப் படம் துளைகளுக்கு இடையிலேயே உட்கார்ந்துவிடும், இரண்டு பக்கமும் துளை இருந்தாலும் சரிதான். அப்புறம், 35 மி.மீ. பிலிமை நடுவில் 16 மி.மீ. பட்டையாகக் கீறி எடுப்பவர்களும் உண்டு. 36 படம் ரோலில் ஒன்றரை மீட்டருக்கு மேல் இருப்பதால் மூன்று கேசட் தேறும்.

நிரப்புவது எப்படி என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். கேசட் என்பது இரண்டு உருளை டப்பா, நடுவில் ஒரு பாலம். ஒரு டப்பாவில் சுற்றும் உருளை இருக்கும், இன்னொன்று காலி. இருட்டுப் பைக்குள் கையை விட்டு, முதலிலேயே வெட்டிவைத்த அளவுக் குச்சியோடு பிலிமைச் சேர்த்துப் பிடித்து 45 செ.மீ. வெட்ட வேண்டும். நான் வைத்திருப்பது பழைய மர ஸ்கேலும் அதோடு ஒட்டுப் போட்ட ஐஸ்குச்சியும். பிலிமின் ஒரு நுனியை உருளையில் சின்ன டேப் துண்டால் ஒட்டி, மறுநுனியிலிருந்து தளர்வாகச் சுருட்டிக் காலி டப்பாவுக்குள் இறக்கி, இரண்டு மூடியையும் அழுத்த வேண்டும். பிலிமில் மருந்து பூசிய பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். பிலிமின் விளிம்பை உதட்டில் வைத்துப் பார்த்தால் லேசாக ஒட்டுகிற பக்கம்தான் அது. ரொம்ப இறுக்கிச் சுருட்டினால் பாதியில் நகராது. என் முதல் நாலு கேசட்டில் இரண்டு அப்படித்தான் போயின. எட்டாவது படத்துக்கு மேல் எல்லாமே ஒரே கட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. கோவில் கோபுரம், அதன் மேல் என் மனைவி, அதன் மேல் ஒரு டீ கிளாஸ்.

கழுவுவதற்கு 16 மி.மீ. ரீல் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பேட்டர்சன் ரீல் 35 மி.மீ.க்குக் கீழே சுருங்காது. ஜோபோவின் பழைய 16 மி.மீ. ரீல் தேடலாம், அல்லது 3டி பிரின்டரில் யாரிடமாவது அடித்து வாங்கலாம். இவ்வளவு வேலையா என்று இந்த இடத்தில் உங்களுக்குத் தோன்றினால் மினால்டா 16 உங்களுக்கில்லை. வருத்தப்பட ஒன்றுமில்லை, அடுத்த பெட்டிக்குப் போகலாம்.

பென்டாக்ஸ் ஆட்டோ 110. 1978-இல் அறிமுகமானது. இது பொம்மை மாதிரி இருந்தாலும் பொம்மையல்ல. உள்ளங்கையில் அடங்கும் முழு எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா. கண்ணாடி எழும்பி இறங்கும், லென்ஸைக் கழற்றி மாட்டலாம். முதலில் 18, 24, 50 மி.மீ. என்று மூன்று லென்ஸ் வந்தன, பிறகு 70 மி.மீ., 20–40 ஜூம் எல்லாம் சேர்ந்தன. எல்லாமே எஃப்/2.8. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது: லென்ஸுக்குள் அப்பர்ச்சர் இதழ்களே கிடையாது. கேமராவின் உடம்புக்குள் இருக்கும் ஷட்டரே அப்பர்ச்சர் வேலையையும் பார்க்கிறது. வெளிச்சத்தைப் பார்த்து எஃப்/2.8-இல் 1 விநாடியிலிருந்து எஃப்/13.5-இல் 1/750 வரை அதுவாகவே முடிவு செய்யும். நம்மிடம் கேட்காது. வ்யூஃபைண்டரில் பச்சை எரிந்தால் எடுக்கலாம், மஞ்சள் எரிந்தால் கை ஆடும் என்று அர்த்தம். ஃபோகஸ் மட்டும் நம் கையில். அதை நேராக லென்ஸ் வழியாகப் பார்த்துச் செய்யலாம் என்பதுதான் மினால்டாவைவிட இதன் பெரிய பலம்.

தீனிப் பிரச்சினையும் இங்கே குறைவு. 110 கேசட் கோடாக் 1972-இல் கொண்டுவந்த முறை. கேமராவைத் திறந்து உள்ளே போட்டு மூட வேண்டியதுதான், சின்னப் பிள்ளைகூடச் செய்யும். 2009-இல் ஃபூஜி கைவிட்டதோடு கதை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். 2012-இல் லோமோகிராஃபி மறுபடியும் செய்யத் தொடங்கியது. ஓர்கா கறுப்பு வெள்ளை, டைகர் கலர் என்று இப்போதும் வாங்கலாம். கலரில் எடுக்க வேண்டும், இருட்டுப் பையெல்லாம் வேண்டாம் என்பவருக்கு இதைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன். தெருமுனை லேப்பில் 110 என்றால் முழிப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். மருந்து அதே கலர் மருந்துதான், ஆனால் அந்த அகலத்துக்கு ரீலும் ஸ்கேனர் சட்டமும் எல்லாரிடமும் இருக்காது. வெளியூருக்குத் தபாலில் அனுப்ப வேண்டியிருக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: 16 மி.மீ. சினிமா பிலிமை 110 கேசட்டில் திணித்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று இறங்காதீர்கள். 110 பிலிமில் ஒரு படத்துக்கு ஒரு துளைதான். கேமரா அந்தத் துளையைத் தடவிப் பார்த்துத்தான் நிற்கிறது. சினிமா பிலிமில் 7.62 மி.மீ.க்கு ஒரு துளை வரும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அவர்களைப் பார்த்துக் கும்பிடு போடுகிறேன், அவ்வளவுதான்.

பென்டாக்ஸுக்கு இன்னொரு பயன் உண்டு. 13க்கு 17 மி.மீ. என்பது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் டிஜிட்டல் கேமராவின் சென்சார் அளவேதான். ஒரு வளையம் வாங்கி இந்த லென்ஸ்களை அதில் மாட்டலாம். இதழ் இல்லாததால் எப்போதும் எஃப்/2.8-இலேயே இருக்கும். கேமரா செத்தாலும் லென்ஸ் வாழும். கேமரா சாகுமா என்றால், சாகும். இது முழுக்க மின்சுற்றை நம்பிய பெட்டி. சர்க்யூட் போனால் ரிப்பேர் பார்க்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பேட்டரி போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது. 1982-இல் வந்த சூப்பர் மாடலில் செல்ஃப் டைமரும் எதிர்வெளிச்சத்துக்கான பொத்தானும் கூடுதல். முதல் மாடலில் லீவரை இரண்டு தடவை தள்ள வேண்டும், இதில் ஒரு தடவை. விலை கட்டுப்படியானால் சூப்பர், இல்லாவிட்டால் சாதாரணமே போதும்.

110-இல் மினால்டாவும் 1976-இல் ஒரு ஜூம் எஸ்எல்ஆர் செய்தது. 25–50 மி.மீ., சப்பையான விசித்திர உருவம். படம் நன்றாகவே வரும். ஆனால் அதைச் சட்டைப் பையில் போட முடியாது, அப்புறம் என்ன குட்டிக் கேமரா என்று நான் விட்டுவிட்டேன்.

இனி யாஷிகா அட்டோரான். 1965-இல் வந்தது, மெலிந்த நீளப் பட்டை. பார்க்க இவை எல்லாவற்றிலும் இதுதான் அழகு என்பேன். 18 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், பேட்டரி கேட்காமல் வெளிச்சம் அளக்கும் செலினியம் மீட்டர். உள்ளே போவது மினாக்ஸ் கேசட், அதாவது ரீகாவில் வால்டர் ஸாப் வடிவமைத்து 1938-இல் விற்பனைக்கு வந்த அந்தப் புகழ்பெற்ற உளவுக் கேமராவின் கேசட். பிலிம் அகலம் 9.2 மி.மீ. மட்டும். 35 மி.மீ. பிலிமின் நடுப்பகுதியில் துளையில்லாத இடம் 25 மி.மீ. இருப்பதால் இரண்டு பட்டை கீறலாம் என்பது நல்ல சேதி. அதைக் கீறுவதற்குத் தனிக் கருவி வேண்டும், கழுவுவதற்குத் தனி டப்பா வேண்டும், ஸ்கேன் செய்யத் தனிச் சட்டம் வேண்டும் என்பது மற்ற சேதி. செலினியத்துக்கு வயதானால் முள் அசைய மறுக்கும். மாற்றும் பாகமும் கிடைக்காது. ஏற்கெனவே மினாக்ஸ் வைத்திருப்பவர், கேசட்டும் கருவியும் வீட்டில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முதல் குட்டிக் கேமராவாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாமியா 16 பற்றிக் கேட்பீர்கள். 1949-லிருந்து வந்த வரிசை, மினால்டாவில் இல்லாத ஃபோகஸ் இதில் உண்டு. புத்தகப் பக்கத்தைக்கூடக் கிட்டப்போய் எடுக்கலாம். கட்டுமானமும் திடம். ஆனால் அதன் கேசட் அதற்கு மட்டும்தான். மினால்டா கேசட் பொருந்தாது. கேசட் இல்லாத மாமியா 16 நல்ல பேப்பர் வெயிட்.

கடைசியில் ஹிட் வகை. போருக்குப் பின் ஜப்பானில் பல சின்னப் பட்டறைகள் கும்பலாகச் செய்து தள்ளிய தீப்பெட்டிக் கேமராக்கள். டோகோடோ செய்த ஹிட்டின் பெயரே வகைக்குப் பெயராகிவிட்டது. 17.5 மி.மீ. காகிதம் சுற்றிய பிலிம், 14க்கு 14 மி.மீ. சதுரப் படம். அடியில் "ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்யப்பட்டது" என்ற ஆங்கில முத்திரை இருந்தால் 1947-க்கும் 1952-க்கும் இடையில் வெளிநாட்டுக்கு அனுப்பியது என்று தெரிந்துகொள்ளலாம். அந்த ஒரு வரிக்காகவே நான் ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். 120 பிலிமை அதன் காகிதத்தோடு மூன்றாகக் கீறி இதில் ஓட்டுபவர்கள் உண்டு. லென்ஸ் கிட்டத்தட்ட பாட்டில் அடிப்பாகம்தான். பரிசு கொடுக்க, பிள்ளைகளுக்குக் காட்ட, மேசையில் வைக்க நல்லது.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். அவன் வீட்டில் பாத்ரூமையே இருட்டறையாக்கி 35 மி.மீ. கறுப்பு வெள்ளை கழுவிக்கொண்டிருப்பவன். அதனால் மினால்டா 16 இரண்டாம் மாடல். பிலிமை லேப்பில் கொடுக்கும் அவன் தங்கை கேட்டிருந்தால் யோசிக்காமல் பென்டாக்ஸ் என்று சொல்லியிருப்பேன். மினால்டா 16 வரிசையில் பின்னால் வந்த எம்ஜி-எஸ் 12க்கு 17 மி.மீ. பெரிய படம் தருமே, அது வேண்டாமா என்று கேட்டான். அது நல்ல கேமராதான், ஆனால் இரண்டு பக்கம் துளையுள்ள பிலிம் போட்டால் துளை படத்துக்குள் வந்துவிடும். ஒற்றைத் துளை பிலிம்தான் வாங்குவேன் என்ற உறுதி இருந்தால் அதையும் பார்க்கலாம்.

மினால்டா வாங்கும்போது பார்க்க வேண்டியவை: உள்பெட்டியை நாலைந்து முறை இழுத்துத் தள்ளுங்கள், சிக்காமல் ஓட வேண்டும். பிலிம் இல்லாமலேயே ஷட்டர் ஏறும். 1/30-இல் வைத்துத் தட்டுங்கள், பிறகு 1/500-இல். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் எண்ணெய் காய்ந்து ஷட்டர் இதழ் ஒட்டியிருக்கிறது. பி-யில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னால் திறந்து டார்ச் வெளிச்சத்தில் லென்ஸைப் பாருங்கள். சிலந்திவலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊரில் இருப்பவர்கள் வாங்கிய பிறகும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வைக்காவிட்டால் இல்லாத பூஞ்சையும் வந்துவிடும்.

இணையத்தில் வாங்கினால் இது எதையும் செய்ய முடியாது, படத்தைத்தான் நம்ப வேண்டும். நான் முதலில் வாங்கியபோது கேமரா பளபளவென்று வந்தது, உள்ளே கேசட் இல்லை. விற்றவரைக் கேட்டேன். "கேமரா என்றுதான் போட்டிருந்தேன்" என்றார், அவர் சொன்னதிலும் தப்பில்லை. கேசட்டைத் தனியாகத் தேடிப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. அது வந்த நாளில் இருட்டுப் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் ஒரு மூடிதான் இருந்தது. அதனால், பணம் அனுப்புவதற்கு முன் கேசட்டையும் அதன் இரண்டு மூடிகளையும் கழற்றி மேசையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.